நாலு கம்பியும் 460 ரூபாயும்

திருவிழாவில் பாட்டுக் கச்சேரி பார்த்திருப்பீர்கள். யார் பாடியது, யார் கீபோர்டு, யார் டிரம்ஸ் என்று கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவீர்கள். பேஸ் கிட்டார் வாசித்தது யார்? முழிப்பீர்கள்! உங்கள் மேல் தப்பில்லை. டிரம்ஸ் செட்டுக்குப் பக்கத்தில், லைட் படாத இடத்தில் நிற்கிறவர் அவர். வாசிக்கும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். பாட்டுக்கு நடுவே கையை எடுத்துவிட்டாலோ, பாட்டு அந்தரத்தில் தொங்கும்.

ஆள் உயரத்துக்கும் மேலான டபுள் பேஸ் செய்த வேலையைத் தோளில் மாட்டிக்கொண்டு செய்யலாம் என்று 1951-ல் லியோ ஃபெண்டர் என்ற அமெரிக்கர் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் சினிமாவில் இளையராஜாவுக்குப் பல வருடங்கள் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர். ரஹ்மானுக்கு வாசித்தவர் கீத் பீட்டர்ஸ். இவர்கள் விரலைக் கேட்காத தமிழன் இல்லை. பெயர் தெரிந்தவர்கள்தான் குறைவு. பழைய கேசட் உறைகளில் பாடகர் பெயர் இருக்கும், கவிஞர் பெயர் இருக்கும். வாத்தியக்காரர் பெயர் பெரும்பாலும் இருக்காது.

சினிமாக்காரருக்கே இந்த நிலை என்றால் எங்கள் நைனார்பாளையத்து மாமாவுக்கு என்ன இருக்கும்?

சின்னசேலம் பக்கத்து ஊர் எங்களுடையது. மக்காச்சோளமும் மரவள்ளியும் விளைகிற பூமி. என் தாய்மாமா இருபது வருஷம் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தார். ஆடி மாதம் வந்தால் ஆத்தூர், விருத்தாசலம், கள்ளக்குறிச்சி என்று கிளம்பிவிடுவார். வீடு தங்க மாட்டார். பிறகு பேஸ் சத்தம் கீபோர்டிலேயே வந்தது. அதற்கும் பிறகு ட்ராக் போட்டுவிட்டுப் பாடுகிற காலம் வந்தது. குழு கலைந்தது. மாமா ஆம்ப்ளிஃபயரை விற்றுவிட்டு உரக்கடை வேலைக்குப் போனார். கிட்டார் மட்டும் பீரோ மேல் ஏறியது.

2024-ல் சர்க்கரை நோயால் அவருக்கு விரல் நுனி மரத்துப்போக ஆரம்பித்தது. "மாப்ள, கம்பியத் தொட்டா தெரிய மாட்டேங்குதுடா. அழுத்துறனா இல்லையான்னே புரியல" என்றார். எனக்குத் திக்கென்றது. இருபது வருஷ வாசிப்பில் ஒரு நிமிஷம்கூடப் பதிவாகவில்லை. திருவிழா வீடியோ கேசட் இரண்டு இருந்தன. இரண்டிலும் பாடகர்தான், மாமாவின் முழங்கை மட்டும் நாலு இடத்தில் தெரியும்!

அந்த மே விடுமுறையில் அவர் வாசிப்பை வீடியோ எடுப்பது என்று முடிவு செய்தேன்.

"செல்போன் இருக்கே, அது போதாதா?" என்பீர்கள். போதாது. பேஸின் நாலு கம்பிகள் ஈ, ஏ, டி, ஜி. அவற்றின் அதிர்வு முறையே 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். போன் மைக் முக்கியமாகப் பேச்சுக்காகச் செய்தது. அடித்தொனியைக் காற்று இரைச்சல் என்று வெட்டிவிடுகிற போன்களும் உண்டு. அதோடு, ஆம்ப் இல்லாத பேஸ் கிட்டாரில் சத்தமே குறைவு. நகம் படுகிற 'டொக் டொக்' மட்டும்தான் பதிவாகும்.

ஆகவே கிட்டாரிலிருந்து வயர் வழியாக நேராக எடுக்க வேண்டும். அக்காவுக்கு (மாமா மகள்) பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் இருந்தது. ஆடாசிட்டி என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் இலவசம். ஆனால் பேஸ் பிக்கப்பை நேராக மைக் ஓட்டையில் செருகினால் சத்தம் மங்கிவிடும். பிக்கப்பின் இம்பீடன்ஸ் அதிகம், மைக் இன்புட்டின் இம்பீடன்ஸ் குறைவு. நடுவே ஒரு பஃபர் வேண்டும். நாம் லேபில் செய்கிற அதே வோல்டேஜ் ஃபாலோயர்தான்! டி.எல்.072 ஐ.சி. ஒன்று, இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் 9 வோல்ட் பேட்டரியை 4.5 ஆகப் பிரித்து, அங்கிருந்து 1 மெகா ஓம் வழியாக இன்புட்டுக்கு பயாஸ், உள்ளே 0.1, வெளியே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். கடைசியில் 10 கிலோ ஓம் வால்யூம். செலவு: ஐ.சி. 25, ரெசிஸ்டர் கெப்பாசிட்டர் 30, சாக்கெட், போர்டு, வால்யூம் எல்லாம் 120, பேட்டரி 35, யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு 250. ஆக மொத்தம் 460 ரூபாய்.

அடுத்த எதிரி, 'உம்ம்ம்' என்கிற கரண்ட் இரைச்சல். அதை சாஃப்ட்வேரில் வடிகட்டலாமே என்று ஈ.இ.இ. நண்பர்கள் கேட்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாவது கட்டையில் வருகிற ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ்! இரைச்சலை வெட்டினால் ஸ்வரமும் சேர்ந்து போய்விடும். ஆகவே வருகிற இடத்திலேயே தடுக்க வேண்டும். டியூப்லைட்டை அணைத்தோம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினோம். பஃபரைத் தகர டப்பாவில் வைத்து, டப்பாவை எர்த்தோடு சேர்த்தேன். இரைச்சல் அடங்கிவிட்டது.

படத்துக்குப் பகல் வெளிச்சமே போதும். மாமாவை வாசலைப் பார்த்து உட்காரவைத்து, இரண்டு கையும் தெரிகிற மாதிரி எதிரே செங்கல் அடுக்கிப் போனை நிறுத்தினேன். படத்தையும் ஒலியையும் பிற்பாடு சேர்க்க சினிமாவில் கிளாப் அடிப்பார்கள். இங்கே கைதட்டல் வயரில் வராது. பிக்கப் கம்பியை மட்டும்தான் கேட்கும். அதனால் ஆரம்பத்தில் கம்பியில் ஓங்கி ஒரு தட்டு. விரலும் தெரியும், சத்தமும் பதியும். இதே காரணத்தால் பக்கத்து வீட்டு மிக்ஸி, ஆடு, தெரு நாய் எதுவுமே பதிவில் இல்லை. ஸ்டுடியோ அறை எதற்கு?

வாசிக்க மாமாவுக்குப் பாட்டு வேண்டுமே! அக்கா பாடினாள். அதுவும் பதிவில் வராது. மூன்று நாளில் ஒன்பது பாட்டு முடித்தோம். பத்தாவதில் விரல் இரண்டு முறை கம்பியை விட்டு நழுவியது. "போதும் மாப்ள" என்று கிட்டாரைக் கீழே வைத்துவிட்டார்.

சாயங்காலம் அக்கா இயர்போனில் கேட்டாள். சின்ன வயதிலிருந்து அப்பாவின் கச்சேரிக்குப் போனவள். அவர் வாசிப்பைத் தனியாகக் கேட்டது அன்றுதான். "அப்பா, யாருமே பாடல, ஆனா பாட்டு தெரியுதுப்பா!" என்றாள். மாமா சிரித்தார். "அதுக்குத்தானே என்னைக் கூட்டிட்டுப் போனாங்க" என்றார்.

போன் ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்காக ஒரு குறிப்பு. அத்தனை சின்ன ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸைத் தராது. ஆனால் அதன் மடங்குகளான 82, 123, 164 போன்றவற்றைக் கேட்டே நம் காது கீழ் ஸ்வரத்தை ஊகித்துக்கொள்ளும். ஆகவே ஆடாசிட்டியில் 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றிவிட்டால் போனிலும் பேஸ் தெளிவாகத் தெரியும்.

1996-ல் மும்பையில் பிறந்த மோகினி டே, பேஸ் வாசித்தே உலகமெங்கும் பெயர் வாங்கியிருக்கிறார். இத்தாலிக்காரரான டேவி504-இன் பேஸ் வீடியோக்களுக்கு யூட்யூபில் ஒரு கோடிக்கும் மேல் சந்தாதாரர்கள். எங்கள் மாமாவுக்கு அதெல்லாம் வராது. ஒன்பது வீடியோவும் ஒரு பென் டிரைவிலும் அக்காவின் லேப்டாப்பிலும் இருக்கின்றன. எங்களுக்கு அது போதும்.

நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு கிளாரினெட் தாத்தா, ஒரு ஆர்மோனிய மாமா, ஒரு உறுமிக்காரர் இருப்பார். செமஸ்டர் லீவில் போய் எடுத்துவிடுங்கள். அடுத்த லீவு என்று தள்ளிப்போடாதீர்கள். சர்க்யூட் படம் வேண்டுவோர் மூன்றாம் ஆண்டு இ.சி.இ. வகுப்பில் என்னைப் பார்க்கலாம். ஈயம் நான் வைத்துத் தருகிறேன். ஐ.சி. மட்டும் நீங்கள் வாங்கி வர வேண்டும்!