பெரோயா பட்டணத்தார்

புதிய ஏற்பாட்டில் வரும் மனிதர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் யார் என்று கேட்டால், பேதுருவையோ பவுலையோ சொல்ல மாட்டேன். பெயர்கூடக் குறிக்கப்படாத சிலரைத்தான் சொல்வேன். பெரோயா என்ற பட்டணத்தில் இருந்த யூதர்கள் அவர்கள். வட கிரேக்கத்தில் வெரியா என்ற பெயரோடு அந்த ஊர் இன்றைக்கும் இருக்கிறது. தெசலோனிக்கேயில் கலகம் மூண்டதால் பவுலையும் சீலாவையும் இரவோடு இரவாக அங்கே அனுப்பி வைத்தார்கள். பெரோயா ஊரார் அவர்கள் பேச்சை மிகுந்த ஆவலோடு கேட்டார்கள். கேட்டதோடு நின்றுவிடவில்லை. வந்தவர் சொல்வது சரிதானா என்று தினந்தோறும் வேத ஏடுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தில் இந்தச் சங்கதி இருக்கிறது.

அவர்கள் சரிபார்த்தது யாரோ ஓர் ஊர்ப் பிரசங்கியாரின் பேச்சை அல்ல, பவுலின் பேச்சை! அதற்காக லூக்கா அவர்களைக் கண்டிக்கவில்லை. தெசலோனிக்கேயாரைவிட மேலான குணமுடையவர்கள் என்று பாராட்டி எழுதுகிறார். பவுலையே சரிபார்க்கலாம் என்றால் மற்றவர்களைச் சரிபார்ப்பதில் என்ன பாவம்?

நான் வேதபண்டிதன் அல்லன். கதை எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் இரவில் படுக்கப் போகுமுன் ஓர் அதிகாரம் படிப்பது பல வருஷப் பழக்கம். கதை எழுதுகிறவனுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு வாக்கியத்தைப் பார்த்தால், இதைச் சொன்னவர் யார், யாரிடம் சொன்னார், கேட்டவர் முகம் எப்படி மாறியது என்றெல்லாம் மனம் போகும். வேதாகமத்தைப் படிப்பதற்கும் இந்தக் குணம் உதவுகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஐசுவரியவான் கடவுளின் ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்ற உபமானம் எல்லாருக்கும் தெரியும். இதற்கு ஒரு விளக்கம் மேடைதோறும் சொல்லப்படுகிறது. எருசலேமில் 'ஊசிக் காது' என்று ஒரு சிறிய வாசல் இருந்ததாம். ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டால் உள்ளே போய்விடலாமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்றே இல்லை. அது கிடக்கட்டும். மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் அடுத்த இரண்டு வசனங்களைப் படியுங்கள். சீஷர்கள் திகைத்துப் போகிறார்கள். அப்படியானால் யார்தான் கரையேற முடியும் என்று கேட்கிறார்கள். இயேசுவும் மனிதரால் முடியாது, கடவுளால் முடியும் என்று பதில் சொல்கிறார். மண்டியிட்டு நுழையக்கூடிய வாசலாக இருந்தால் திகைப்பானேன்? இதைக் கண்டுபிடிக்கக் கிரேக்க மொழி தெரிய வேண்டியதில்லை. அடுத்த இரண்டு வசனங்களையும் படித்தால் போதும்.

இப்படி எத்தனையோ! கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. காணிக்கைதான் மூன்று வகை. ஏவாள் தின்ற கனி ஆப்பிள் என்று ஆதியாகமத்தில் இல்லை. மகதலேனா மரியாளை விலைமகள் என்று எந்தச் சுவிசேஷமும் கூறவில்லை. ஏழு பேய்கள் அவளை விட்டு நீங்கின என்றுதான் லூக்கா எழுதினார். வேறு பெண்களைப் பற்றிய செய்திகளை அவள்மேல் ஏற்றி, 591-இல் போப் முதலாம் கிரகோரி ஆற்றிய பிரசங்கத்தால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு பெரியவரின் ஒரு பேச்சு. அந்தப் பெண்ணுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் அபவாதம்!

பேச்சைவிட அச்சுக்கு இன்னும் வலிமை அதிகம். அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் வெளியிட்ட நூலில், உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004-இல் என்று கணக்கிட்டார். அது ஒரு மனிதரின் கணக்கு. ஆனால் 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அந்த வருஷத்தை அச்சிடத் தொடங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்தவர்களில் பலருக்கு எது வேத வாக்கியம், எது ஓரக் குறிப்பு என்ற பேதமே மறைந்துவிட்டது.

இதெல்லாம் பண்டிதர்களின் சில்லறைச் சண்டை, இதனால் யாருக்கு நஷ்டம் என்று நீங்கள் நினைக்கலாம். நஷ்டம் உண்டு. பாளையங்கோட்டையில் நான் குடியிருந்தபோது அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், அண்ணாச்சி என்றுதான் அவரை அழைப்பேன். ஒரு போதகரிடம் அவருக்கு அளவற்ற பக்தி. அவருடைய பிரசங்கங்களை முத்து முத்தான எழுத்தில் பன்னிரண்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார். எந்தச் சந்தேகம் கேட்டாலும் நோட்டைப் புரட்டித்தான் பதில் சொல்வார். பக்கத்திலேயே வேதாகமமும் இருக்கும், கடையிலிருந்து வந்த மெருகு குலையாமல். அவர் மனைவியின் வேதாகமமோ அட்டை பிய்ந்து நூலால் கட்டப்பட்டிருக்கும்.

அந்த அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. விசுவாசிக்கு மருந்து எதற்கு என்று போதகர் ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டார். அண்ணாச்சி அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டார். சில வாரங்களில் அக்காவின் காலில் ஒரு புண் கண்டது. அது ஆறவில்லை. ஒரு நாள் மாலை நான் போயிருந்தபோது அக்கா மெதுவாகக் கேட்டார்:

"ஏங்க, எசேக்கியா ராஜாவுக்குப் பிளவை வந்துச்சே, அதுக்கு ஏசாயா அத்திப்பழத்தை அடையாக்கி வைக்கச் சொன்னாரே, அவருக்கு விசுவாசம் கம்மியா?"

அண்ணாச்சி நோட்டுகளை எடுத்தார். ஒன்று, இரண்டு, பன்னிரண்டு வரை பார்த்தார். எதிலும் பதில் இல்லை. கடைசியில் அந்த நூல் கட்டிய புத்தகத்தைத்தான் கையில் வாங்கினார். இரண்டாம் இராஜாக்கள் 20-ஆம் அதிகாரம். ராஜாவுக்கு 15 வருஷம் ஆயுள் கூட்டித் தருவதாகக் கடவுளே சொல்லியாகிவிட்டது. அதன் பிறகும் தீர்க்கதரிசி மருந்து வைக்கச் சொல்கிறார். அண்ணாச்சி அதை மூன்று தடவை படித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனார். அக்காவின் கால் தப்பியது. ஒரு விரல் போய்விட்டது.

அந்தப் போதகரை மோசக்காரர் என்று நான் சொல்லவில்லை. தாம் சொன்னதை அவர் மனப்பூர்வமாக நம்பினார் என்றே நினைக்கிறேன். எதிர்க் கேள்வி கேட்பார் யாரும் இல்லாததே அவருக்கு வாய்த்த துர்ப்பாக்கியம். பவுலுக்குப் பெரோயா ஊரார் கிடைத்தார்கள். இவருக்கு நோட்டுப் புத்தகங்கள்தாம் கிடைத்தன.

அப்படியானால் போதகர்களே வேண்டாமா? அவரவர் வீட்டில் அவரவர் அறிவே குரு என்று உட்கார்ந்துவிடலாமா? அதுவும் அகந்தைதான். யோசித்துப் பார்த்தால், தமிழில் வேதாகமத்தைத் திறக்கும்போதே நாம் பலருடைய தோள்மேல்தான் நிற்கிறோம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட நாள் முதல் எத்தனை பேர் இதற்கு உழைத்திருக்கிறார்கள்! கடவுளைக் குறிக்கும் சொல்லே சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று மாறி வந்திருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் ஓர் ஆசிரியரின் முடிவு. அதனால்தான் 1871-இல் முழுமையாக வந்த பழைய மொழிபெயர்ப்பையும், கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பையும் நான் அருகருகே வைத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் நிம்மதி. வேறுபடும் இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. பிறகு ஒருவரிடம் அல்ல, இரண்டு மூன்று பேரிடம் கேட்பேன். ஒருவராவது வேறு சபைக்காரராக இருந்தால் நல்லது. அவர்கள் சண்டை போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. எந்த இடம் உறுதி, எந்த இடம் யூகம் என்பது அப்போது வெளிச்சமாகிவிடும்.

போதகருக்கும் படிப்பவருக்கும் உள்ள உறவு எப்படி இருக்க வேண்டும் என்பதை அதே நடபடிகள் புத்தகம் 8-ஆம் அதிகாரத்தில் அழகாகக் காட்டுகிறது. எத்தியோப்பிய ராணியின் பொக்கிஷ அதிகாரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவைப் படித்துக்கொண்டு போகிறான். பொருள் விளங்கவில்லை. வழிகாட்ட ஆள் இல்லாமல் எப்படி விளங்கும் என்று கூச்சமின்றி ஒப்புக்கொள்கிறான். பிலிப்பு ஏறி உட்கார்ந்து விளக்குகிறார். அவன் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறியதும் பிலிப்பு அங்கே இல்லை, மறைந்துவிட்டார். அதற்காக அந்த அதிகாரி அழுது புலம்பவில்லை. அவரைத் தேடி ரதத்தைத் திருப்பவும் இல்லை. சந்தோஷமாகத் தன் வழியே போனான். புத்தகம் அவனிடம்தானே இருந்தது!