23ஆம் நம்பர்

ஒரு மஞ்சப்பை நிறைய ஜவுளிக்கடைப் பில்களை மேசையில் கொட்டி, தேதிவாரியாக அடுக்கிய வழக்கு என் தொழில் வாழ்க்கையில் ஒன்றுதான். ராமநாதபுரத்தில் கறுப்புக் கோட்டு போட்ட நாளிலிருந்து பத்திரம், பட்டா, உயில் என்று எத்தனையோ தாள்களைப் புரட்டியிருக்கிறேன். அந்தப் பில்களைப் போல என்னை உலுக்கிய ஆவணம் வேறில்லை.

கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டதே, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது இது. தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவர். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் முங்குவார்கள். அப்படியும் கிழிக்கும். அந்த அம்மாவின் விரல்கள் முழுக்கத் தழும்பு. தகப்பனார் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மகள் பிளஸ் டூ முடித்த கையோடு ராமநாதபுரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவள். மீன்பிடித் தடைக்காலத்தில் அந்த வீட்டில் உலை கொதித்ததே அவள் சம்பளத்தில்தான்.

நடந்ததை அவள் சுருக்கமாகச் சொன்னாள். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானம். பட்டுச்சேலை செக்‌ஷனில் ஆள் இல்லை. காலையிலிருந்து பிரித்துக் காட்டிய சேலைகளை மடித்து அடுக்கிவிட்டு, சேலை விரிக்கும் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கால் வீங்கி, கொலுசு பதிந்து கிடந்திருக்கிறது. கேமராவில் பார்த்துவிட்டு ஃப்ளோர் சூப்பர்வைசர் மேலே வந்திருக்கிறார்.

“உக்காந்ததுக்கு நூறு ரூவா புடிப்போம்னாங்க. சரி, எதுக்குப் புடிக்கிறீங்கன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். அவ்வளவுதான் வக்கீலம்மா. பேட்ஜைக் கழட்டி வச்சிட்டுக் கிளம்புன்னுட்டாங்க.”

காலை ஒன்பது மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பதரை வரை நிற்கவேண்டும். சாப்பிட இருபது நிமிஷம். கழிப்பறைக்குப் போக இன்னொருத்தி வந்து செக்‌ஷனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் தண்ணீரே குறைவாகத்தான் குடிப்பார்களாம். தங்குவதற்குக் கடைக்காரர்களே பிடித்துக் கொடுத்த அறை. ஒரு அறையில் எட்டுப் பேர். சம்பளத்தோடு வார ஓய்வு நாள் என்பதே கிடையாது; வீட்டுக்குப் போனால் சம்பளம் பிடிப்பார்கள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின் நான் கேட்டேன்.

“உனக்கு என்னம்மா வேணும்? காசா, வேலையா?”

“நான் திருடிட்டுப் போனவன்னு ஊர்ல பேசுறாங்க. தப்பு செய்யலன்னு எழுதி வேணும்.”

சட்டத்தைப் புரட்டினேன். 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் கடைப் பணியாளருக்குக் கொடுத்திருப்பது குறைவல்ல. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது. ஒரு மணி நேரம் இடைவேளை வேண்டும். அபராதம் போடுவதானால் விளக்கம் கேட்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றி நிறுத்தக் கூடாது. ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ தரவேண்டும் என்கிறது 41ஆம் பிரிவு. ஒழுங்கீனம் என்று காரணம் காட்டினால், அதை விசாரணை வைத்து நிரூபித்திருக்க வேண்டும்.

உட்காருவதைப் பற்றி மட்டும் அதில் அப்போது ஒரு வரி இல்லை.

மதுரையில் தொழிலாளர் துணை ஆணையரிடம் மேல்முறையீடு போட்டோம். கடையின் பதிலைப் படித்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. இந்தப் பெண் எங்களிடம் நிரந்தரமாக வேலை பார்த்ததே இல்லை, சீசன் கூட்டத்துக்காக இரண்டு மாதம் வந்து போனவர், வேலை நேரத்தில் உட்கார்ந்த ஒழுங்கீனத்துக்காக நிறுத்தினோம் என்று எழுதியிருந்தார்கள். நியமன உத்தரவு இல்லை. சம்பளம் கவரில் போட்ட ரொக்கம். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டிலும் பெயர் இல்லை. பேட்ஜையும் வாங்கிக்கொண்டார்கள். ஆறு மாதம் வேலை பார்த்ததை நிரூபிக்காவிட்டால் 41ஆம் பிரிவு எங்களுக்கு இல்லை. கூட வேலை பார்த்த பெண்கள் சாட்சிக்கு வரமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒவ்வொருத்தி பேரிலும் வீட்டில் வாங்கிய முன்பணம் நிற்கிறது. ஒருத்தி போனில் அழுதாள்: “அக்கா, நான் வந்தா நானும் நாளைக்கு வீட்ல.”

வழி காட்டியது அந்தத் தாய்தான். கேஸ் நிற்காது போலிருக்கிறது என்று நான் தயங்கிச் சொன்னபோது கோபமாகக் கேட்டார்: “எங்கூர்ல பாதிப் பேரு இவகிட்டதான துணி எடுத்தோம்? அது பொய்யா?”

அப்போதுதான் உறைத்தது. பெரிய ஜவுளிக்கடைகளில் துணியை எடுத்துக் காட்டியவரின் நம்பர் பில்லில் விழும். யார் எவ்வளவு விற்றார் என்று கணக்குப் பார்க்கவும், துணி திரும்பி வந்தால் ஆளைப் பிடிக்கவும் அது. இவள் நம்பர் 23. “ஊரில் யார் வீட்டிலாவது அந்தக் கடைப் பில் இருந்தால் கொண்டு வாருங்கள்” என்றேன். பெரிதாக நம்பிச் சொல்லவில்லை.

எட்டாம் நாள் மஞ்சப்பையோடு வந்தார். பாசிக்குப் போகாத நாட்களில் தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் வரை வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். மொய் நோட்டுக்குள் ஊசி குத்தி வைத்த கல்யாணச் சேலைப் பில். ரம்ஜானுக்குப் பிள்ளைகளுக்கு எடுத்த துணியின் பில். கிறிஸ்துமஸ் பில். சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்கு எடுத்தது. மொத்தம் 41. அவற்றில் 9 வெள்ளைத் தாளாகிவிட்டன. சூட்டில் அச்சாகும் மெஷின் பில் நாள்பட்டால் வெளுத்துவிடும். மீதி 32இல், 26 பில்களின் அடியில் 23 என்ற எண் இருந்தது.

அதிலேயே பழையது, ஒரு சிறுமி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு எடுத்த உடையின் பில். கடையில் அந்தக் காலத்தில் மை நாடா மெஷின் வைத்திருந்ததால் எழுத்து அப்படியே நின்றிருந்தது. அந்தத் தேதியிலிருந்து வேலையை விட்டு நிறுத்திய நாள்வரை எண்ணினேன். நான்கு வருஷம், பத்து மாதம். பணிக்கொடைக்கு ஐந்து வருஷம் வேண்டும். ஆனால் நான்கு வருஷம் முடித்து ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதை முழு வருஷமாகக் கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு சின்னப் பெண்ணின் வெள்ளைக் கவுன் பில், ஒரு தொழிலாளியின் பணிக்கொடைக்குக் கதவைத் திறந்தது.

விசாரணையில் எதிர்த்தரப்பு சுலபமாக விடவில்லை. நம்பர் ஆளுக்கு ஆள் மாறும், 23 வேறு யாருக்காவது இருந்திருக்கும் என்றார்கள். அப்படியானால் யாருக்கு எந்த நம்பர் என்ற பதிவேட்டையும், வருகைப் பதிவேட்டையும், சம்பளப் பதிவேட்டையும் தாக்கல் செய்யுங்கள் என்று மனுப் போட்டேன். மூன்று வாய்தாவாகியும் வரவில்லை. கையில் இருக்கும் ஆவணத்தை ஒரு தரப்பு மறைத்தால், அது தனக்குப் பாதகமானது என்பதால்தான் மறைக்கிறது என்று ஊகிக்கலாம். சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு அதற்கு இடம் தந்தது.

புதுநன்மை உடை வாங்கிய அம்மாவும் சாட்சிக்கு வந்தார். “இத்தனை வருஷம் கழித்து இந்தப் பெண்தான் கொடுத்தாள் என்று எப்படித் தெரியும்?” என்று குறுக்கு விசாரணையில் மடக்கினார்கள்.

“எம்மகளுக்குப் புதுநன்மை சார், மறக்குமா? கவுன் நீளம் பத்தலன்னு இந்தப் புள்ளதான் மூணு வாட்டி மாடி ஏறி எறங்குச்சு. மூணாவது வாட்டி கைப்பிடியப் புடிச்சுக்கிட்டே எறங்குச்சு. போதும் தாயின்னு நாந்தான் சொன்னேன்.”

சூப்பர்வைசரை நான் விசாரித்தேன். பணியாளர்கள் உட்கார எத்தனை நாற்காலி என்று கேட்டேன். கஸ்டமருக்கு இருக்கிறது என்றார். பணியாளருக்கு? இல்லை. நீங்கள் எங்கே உட்காருவீர்கள்? அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “நானும் நின்னுதான் மேடம்.”

வாதத்தின்போது மூன்று விஷயங்களை வைத்தேன். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் உட்கார வசதி செய்யச் சொன்னது. அதன் 44ஆம் பிரிவு அது. இங்கிலாந்தில் 1899லேயே, கடையில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று தனிச் சட்டம் போட்டார்கள். நம் அரசியலமைப்பின் 42ஆவது பிரிவு, மனிதத் தன்மையுள்ள வேலைச் சூழலை உறுதி செய்ய அரசைப் பணிக்கிறது. இவை எதுவும் இந்தக் கடையை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆளில்லாத நேரத்தில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்தது வேலையைப் பறிக்கத் தக்க காரணமா என்பதை எந்த அளவுகோலால் அளப்பது? உலகம் நூறு வருஷத்துக்கு முன்பே ஒப்புக்கொண்ட ஒன்றை ஒழுங்கீனம் என்று சொல்ல முடியுமா? இரண்டு மாதம் வந்துபோனவர் என்றால் அவரை எதற்காக விசாரணையின்றி ஒழுங்கீனத்துக்காக நிறுத்தினீர்கள்? அங்கே எதிர்த்தரப்பின் இரண்டு பதில்களும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன.

மதுரைக்கும் ராமநாதபுரத்துக்குமாக ஒன்றரை வருஷம் அலைந்த பிறகு உத்தரவு வந்தது. வேலைநீக்கம் செல்லாது. உட்கார்ந்ததை ஒழுங்கீனமாகக் கொள்ள முடியாது. அந்த வரியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

அந்தக் கடைக்குத் திரும்பிப்போக அவளுக்கு மனமில்லை. பேச்சுவார்த்தையில் பின்சம்பளம், பணிக்கொடை, குறைந்தபட்சக் கூலிக்கும் அவள் வாங்கிய சம்பளத்துக்கும் இருந்த வித்தியாசம் எல்லாம் சேர்த்து முடித்தோம். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இவர் எங்கள் கடையில் வேலை பார்த்தார், நடத்தை நன்று என்று கடையின் தலைப்புத் தாளில் எழுதித் தரவேண்டும் என்பதில் மட்டும் அவள் கடைசிவரை இறங்கி வரவில்லை. அதைப் பங்குச் சாமியாரிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாளாம்.

சில மாதம் கழித்து அந்தச் சூப்பர்வைசர் என் அலுவலகத்துக்கு வந்தார். 17 வருஷமாக அதே கடையில் இருக்கிறார். “எனக்கும் பி.எஃப். கெடையாதுங்க. நான் வேலை பார்த்தேன்னு காட்டுறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?” பில்லில் அவர் நம்பர்கூட விழுவதில்லை. அந்தக் கேள்விக்கு அன்று என்னால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு நூறு ரூபாய் அபராதம் போட்ட கை, தன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லாத கை. கடையில் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கிறார்கள், வேலையில் மனசே இல்லை என்று முதலாளிகள் குறைப்படுகிறார்கள். என்றைக்கு வேண்டுமானாலும் இல்லாமல் ஆக்கிவிடலாம் என்று தெரிந்தவனுக்கு வேலையில் மனசு எப்படி ஒட்டும்?

2010இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் வந்தபோது, சென்னை ரங்கநாதன் தெருக் கடைப்பிள்ளைகளுக்காகத் தமிழ்நாடே அழுதது. சட்டம் வர அதன்பிறகும் 11 வருஷம் ஆயிற்று. கேரளம் முந்திக்கொண்டது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்களைத் திரட்டிய விஜியும் அவருடைய ‘பெண்கூட்டு’ அமைப்பும் பல ஆண்டுகள் போராடி, 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்க வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் சட்டமுன்வடிவைக் கொண்டுவந்தார். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. எல்லாப் பணியாளருக்கும் தக்க இருக்கை வேண்டும்; வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளலாம்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று அவளுக்குப் போன் செய்தேன். கல்யாணமாகி மண்டபம் ஊரில் இருந்தாள். “அப்ப நான் கேட்டது சரிதானே வக்கீலம்மா” என்றாள். சரிதான் தாயி என்றேன்.

இருக்கை வந்த கடைகள் உண்டு. ஸ்டூலைப் போட்டு அதன்மேல் துணிக்கட்டை அடுக்கி வைத்திருக்கும் கடைகளையும் பார்க்கிறேன். ஸ்டூல் இருப்பதைச் சட்டம் பார்க்கும். உட்கார்ந்தால் முறைக்கிற கண்ணைச் சட்டத்தால் பார்க்க முடியாது. அதை எதிர்த்துக் கேட்க ஒருத்திக்குத் தைரியம் வரவேண்டுமானால், முதலில் அவள் பெயர் ஏட்டில் இருக்கவேண்டும். நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, வங்கியில் விழும் சம்பளம், பி.எஃப். எண்: இந்த நாலும் இருந்தால் நாற்காலி தானே வரும். என்னிடம் வரும் கடைப்பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்கிறேன். சம்பளக் கவரைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். தேதி எழுதி வையுங்கள்.

வாங்குகிறவர்களாலும் ஒன்று முடியும். அந்த வழக்குக்குப் பிறகு நான் துணி எடுத்தால், எடுத்துக் காட்டிய பிள்ளையின் பெயரைக் கேட்டுப் பில்லின் பின்பக்கம் பேனாவால் எழுதி வைக்கிறேன். மெஷின் எழுத்து வெளுத்தாலும் என் எழுத்து நிற்கும். அலமாரியில் ஒரு பழைய மஞ்சப்பை அதற்கென்றே தொங்குகிறது.