எங்கள் காற்றாலை

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்ததை நாங்கள் கண்டதில்லை. ஆனால் எங்கள் காற்றாலையின் இறக்கை பறந்துபோய் மடத்து முருங்கை மரத்தில் தொங்கியதைப் பள்ளியே கண்டது!

களக்காட்டிலிருந்து நாகர்கோவில் செல்லும் வழியில், பணகுடியைக் கடந்தால் முப்பந்தல் வரை காற்றாலைகளே கண்ணில் படும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு விரைந்து வருவதே காரணம். அவற்றைப் பேருந்திலிருந்து கண்ட நாங்கள் ஐவரும், அறிவியல் கண்காட்சிக்கு அதுபோல் ஒன்று செய்யத் துணிந்தோம்.

ஒருத்தியின் வீட்டுக் கிணற்றிலிருந்து கழற்றிப் போட்ட அரைக் குதிரைத்திறன் மோட்டார் கிடைத்தது. கையால் சுற்றினோம், கயிறு கட்டி இழுத்தோம், பல்பு கண் திறக்கவில்லை. காயில் கட்டும் கடைக்குத் தூக்கிச் சென்றோம். கடைக்கார அண்ணாச்சி சிரித்துவிட்டார்.

"மோட்டாரு நல்லாத்தான் இருக்கு பிள்ளைகளா. ஆனா உள்ள காந்தம் கிடையாது. கரண்டு கொடுத்தாத்தான் அது காந்தமாகும்."

கம்பிச்சுருளருகே காந்தம் அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே 1831இல் கண்டதை ஒப்பித்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள்! வெட்கமாயிருந்தது. முப்பந்தலின் பழைய காற்றாலைகள் பலவற்றில் இருப்பதும் இதே இன மோட்டார்தான் என்று அறிவியல் சகோதரி விளக்கியபோது வியப்பு மேலிட்டது. நிமிடத்துக்கு 1440 சுற்றுச் சுற்றும்போது மின்சாரத்தை உண்ணும் மோட்டார், காற்று அதை 1500க்கு மேல் தள்ளினால் மின்சாரத்தைத் திருப்பித் தருமாம்! ஆனால் அதைக் காந்தமாக்க மின்கம்பியின் துணை வேண்டும்.

பிறகு பழைய இரும்புக் கடையில், கார் ரேடியேட்டர் விசிறியின் மோட்டார் ஒன்று அகப்பட்டது. அதனுள் நிலைக்காந்தம் உண்டு. விரலால் சுழற்றியதுமே வோல்ட்மீட்டர் முள் துள்ளியது. பி.வி.சி. குழாயை நீளவாக்கில் அறுத்து மூன்று இறக்கைகள் செய்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு திருகாணி. அதுதான் நாங்கள் செய்த பிழை.

இறக்கை பறந்த இடத்தில், சற்றுமுன்தான் ஆறாம் வகுப்புச் சிறுமியர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்றிரவு எங்களுள் எவரும் உறங்கவில்லை. மறுநாள் தலைமைச் சகோதரி கடிந்துகொள்ளவில்லை. "இனி நீங்கள் மட்டும்தான் கீழே நிற்கவேண்டும்" என்று மட்டும் சொன்னார். இறக்கைகளைத் தராசிலிட்டு எடை சமமாகச் சீவினோம். மூன்று திருகாணிகள் முடுக்கினோம். சுற்றிலும் கயிறு கட்டி ஒருவரையும் அண்டவிடவில்லை.

கண்காட்சியன்று இலைகூட அசையவில்லை. நடுவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மாலை நாலரை மணிக்கு மலைப்பக்கமிருந்து மேல்காற்று எழுந்தது. முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா, துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கூவினார்:

"ஏ பிள்ளைகளா, லைட்டு எரியுது!"