பாறையும் பெட்டியும்

குடுமியான்மலைக்குப் போனால் இரண்டு காரியங்களை நான் தவற விடுவதில்லை. ஒன்று, மாமா வீட்டுத் திண்ணையில் மத்தியானத் தூக்கம். மற்றொன்று, மேலைக்கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில் வெட்டியிருக்கும் சங்கீதக் கல்வெட்டுக்கு முன்னால், கைநாட்டுப் பேர்வழியைப் போலச் சற்று நேரம் நிற்பது. இந்த ஆடி மாதம் போனபோது தூக்கத்துக்கு வழி இல்லை. திண்ணையில் எனக்கு முன்னால் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது.

பெட்டி என்று சொன்னால் மாமாவின் கடைசிப் பையனுக்குக் கோபம் வருகிறது. அதற்குக் குவாட் கார்டெக்ஸ் என்று பெயராம். பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி நகரத்துக் கம்பெனி ஒன்றின் சரக்கு. தடித்த அகராதி ஒன்றைக் கவிழ்த்து வைத்தாற்போல இருந்தது. எடை 2 கிலோவுக்கும் குறைவு. மேலே 7 அங்குலக் கண்ணாடித் திரை. அதில் விரலை வைத்தால் படம் படமாக ஓடுகிறது. அதைச் சுற்றிலும் பதினொரு குமிழ்கள். காலால் மிதிக்கவும் செய்யலாம், கையால் திருகவும் செய்யலாம். "இது என்னப்பா செய்யும்?" என்று கேட்டேன். "உலகத்தில் இருக்கிற ஆம்ப்ளிஃபயர் எல்லாம் மாதிரியும் பேசும், அத்தான்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மிமிக்ரிக்காரன் பத்து நடிகர்களைப் போலப் பேசுவான். அவனுடைய சொந்தக் குரல் எது என்று கேட்டால் விழிப்பான். அப்படித்தான் இதுவும் இருக்கும் என்று முதல் பார்வையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். கதை எழுதுகிறவர்களுக்கு இந்த அவசரம் கொஞ்சம் ஜாஸ்தி.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரிக் கிதாருக்குத் தனியாகக் குரல் கிடையாது. வீணைக்குக் குடம் உண்டு. சாதாரணக் கிதாருக்கு வயிறு உண்டு. இது வெறும் மரப் பலகை. தந்தி அதிர்ந்தால் அடியில் இருக்கும் காந்தச் சுருளில் நூலிழை போல ஒரு மின்சாரம் கிளம்பும். அதைப் பெருக்கி ஊர் கேட்கச் செய்வது ஆம்ப்ளிஃபயர். ஆகவே பாதி வாத்தியம் பலகையில் இருக்கிறது. பாதி வாத்தியம் ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறது. நம் மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969–2014) ஐந்து தந்தி எலெக்ட்ரிக் மாண்டலினை மடியில் வைத்துக் கொண்டு கர்நாடக சங்கீதத்தின் கமகங்களை எல்லாம் வாசித்தாரே, அவருக்கும் அந்த மறுபாதி தேவைப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கை. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் வால்வுகள் இருந்தன. வால்வுக்குச் சக்திக்கு மீறிய வேலை கொடுத்தால் ஒலியலையின் உச்சி மழுங்கிப் போகும். மழுங்கும்போது மூல ஒலியோடு அதன் மேல்ஸ்தாயி ஒலிகள் பல வந்து சேர்ந்து கொள்ளும். எஞ்சினீயர் கணக்கில் அது குற்றம். கிதார்க்காரர்களோ அந்தக் குற்றத்தின் மேல் மோகம் கொண்டுவிட்டார்கள். இதைக் கேட்டு நாம் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் ஒரு நூலை நுழைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி ஜீவா பிடிக்கிறோம். அந்த நூலை எடுத்துவிட்டால் தந்தி சுத்தமாகத்தான் ஒலிக்கும், தம்புராவாக ஒலிக்காது.

வால்வு ஆம்ப்ளிஃபயர் பெரியதானால் 30 கிலோ கனக்கும், சூடாகும், அடிக்கடி நோயில் விழும். அதனால் அந்தக் குற்றத்தை மட்டும் கணக்காக்கிக் கையடக்கப் பெட்டியில் போட்டால் என்ன என்று முயன்றார்கள். 1998-இல் அமெரிக்காவில் லைன் 6 கம்பெனி பாட் என்று ஒரு சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்தது. பிறகு ஜெர்மனியில் கெம்பர் என்ற கருவி, ஓர் ஆம்ப்ளிஃபயரின் ஒலியைக் கேட்டே அதைப் படி எடுக்கும் வித்தையைக் காட்டிற்று. திண்ணையில் இருந்தது அந்த வம்சத்தில் வந்த குழந்தை. நமக்கும் இது புதிது அல்ல. 1979-இல் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் மின்னணுத் தம்புராவைச் செய்துவிட்டார். இன்று எத்தனையோ மேடைகளில் வித்வானுக்குப் பின்னால் அதுதான் சுருதி கூட்டிக் கொண்டிருக்கிறது.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் புதுக்கோட்டையில் குமாஸ்தா. சனி ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் கிதார். கல்யாணம், கோயில் திருவிழா என்று சுற்றுவட்டாரத்தில் அவர் வாசிக்காத பந்தல் இல்லை. அவரிடம் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தது. திருச்சியில் ஒரு ரேடியோ மெக்கானிக், வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் படத்தைப் பார்த்துச் செய்து கொடுத்தது. பலா மரப் பெட்டி, கறுப்பு ரெக்ஸின், உள்ளே பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் செய்த வால்வுகள். ஸ்விட்சைப் போட்டால் உடனே பேசாது. அரை நிமிஷம் யோசிக்கும். பிறகு, "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுக் கொண்டிருக்கும் பெரியவரைப் போல, அது பாட்டுக்கு முனகிக் கொண்டே இருக்கும்.

மாமா போய் மூன்று வருஷம் ஆகிறது. ஆம்ப்ளிஃபயர் பரணுக்குப் போயிற்று. போன பொங்கலுக்குப் பையன் அதைக் கீழே இறக்கித் தூசி தட்டி உயிர் கொடுத்திருக்கிறான். அதன் முன்னால் ஒரு மைக்கை வைத்து இந்தப் பெட்டியோடு இணைத்திருக்கிறான். பெட்டி விதவிதமான ஒலிகளை ஆம்ப்ளிஃபயருக்குள் அனுப்புகிறது. வெளியே வருவதை மைக் வழியாகக் கேட்டுக் கொள்கிறது. போனதையும் வந்ததையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, "இது உள்ளே போனால் இது வெளியே வரும்" என்ற உறவைக் கற்றுக் கொள்கிறது. சில நிமிஷத்தில் வேலை முடிந்ததாம். அடுத்த வாரம் ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்து போயிற்று. "ஒரு வாரம் தாமதித்திருந்தால் போயிருக்கும், அத்தான்" என்றான். அவன் குரல் இலேசாகக் கம்மியது. அதற்குப் பிறகு மிமிக்ரிக்காரன் உவமையை வெளியே சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிதாரைச் சொருகினான். திரையில், "அப்பா" என்று பெயரிட்ட கட்டம் ஒன்று இருந்தது, அதைத் தொட்டான். தந்தியை மீட்டினான்.

நான் சொல்வதை வாசகர்கள் நம்ப வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மெல்ல மீட்டியபோது வெண்கலக் கிண்ணம் போலிருந்த நாதம், அழுத்தி மீட்டியதும் ஓரத்தில் கரகரத்தது. பந்தலில், முன் வரிசை மணலில் உட்கார்ந்து எட்டு வயதில் நான் கேட்ட அதே கரகரப்பு. விரலுக்கும் ஒலிக்கும் இடையில் தாமதம் தெரிகிறதா என்று கேட்டேன். தந்தியின் அதிர்வை விநாடிக்கு 48,000 தடவை அளந்து, எண்ணாக்கி, கணக்குப் போட்டு, மறுபடி ஒலியாக்குவதற்கு ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்குதான் ஆகிறதாம். அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஒலி காற்றில் ஓரடிக்குச் சற்று அதிகம் நடக்கிறது. ஆகவே ஆம்ப்ளிஃபயரை விட்டு மூன்று நான்கு அடி தள்ளி நின்று வாசிப்பவனுக்கு ஏற்படும் தாமதம்தான் இதுவும். மாமா எப்போதும் அதைவிடத் தள்ளித்தான் நிற்பார்.

அத்தை உள்ளிருந்து முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நிலைப்படியில் நின்றாள். பையன் ஒரு பாட்டை முழுக்க வாசித்தான். முடிந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பரீட்சைத் தாளை நீட்டிவிட்டு நிற்கிற பார்வை.

"சத்தம் அவருதுதான்" என்றாள் அத்தை. கொஞ்சம் பொறுத்து, "ஆனா, அந்த 'ம்ம்' எங்கேடா?" என்றாள்.

பையன் விழித்தான். பிறகு விளக்கினான். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. ஆம்ப்ளிஃபயருக்குள் அதை ஒரே திசையில் ஓட வைக்கும்போது அந்த ஊசல் 100 ஆகி, மிச்சம் மீதி ஒலிபெருக்கியில் வந்து முனகும். அதுதான் ரீங்காரம். தந்திக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வாசித்தாலும் வரும், வாசிக்காவிட்டாலும் வரும். பெட்டி கற்றுக் கொள்வதோ உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் உள்ள உறவை. கேட்காமல் தானாக வரும் முனகலுக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை; தள்ளிவிட்டது.

"அது வேஸ்ட் சத்தம்மா. ஒரு குறைதான்" என்றான்.

"குறையா? ராத்திரி ரெண்டு மணிக்குக் கச்சேரி முடிஞ்சு வருவார். வந்ததும் அதைப் போட்டுப் பார்த்துட்டுத்தான் சட்டையைக் கழட்டுவார். அந்த 'ம்ம்' கேட்டாத்தான் நான் எழுந்து அடுப்பைப் பத்த வைப்பேன். அவர் வாசிச்சதை நான் எங்கேடா உட்கார்ந்து கேட்டேன்?"

பையனுக்குச் சங்கடமாகப் போயிற்று. ரீங்காரத்தைத் தனியாகப் பதிவு செய்தவர்கள் இருக்கிறார்கள், வாங்கிச் சேர்த்து விடலாம் என்றான்.

"எவன் வீட்டு 'ம்ம்'மோ எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் நானும் பையனும் கோயில் பக்கம் நடந்தோம். இந்த ஊர்ச் சுவாமி சிகாநாதர். சுவாமிக்கு வைத்திருந்த மாலையை அர்ச்சகர் தம் காதலிக்குக் கொடுத்துவிட்டு, ராஜா வந்ததும் அதையே வாங்கிப் பிரசாதமாக நீட்ட, அதில் ஒரு தலைமயிர் இருந்ததாம். சுவாமிக்குக் குடுமி உண்டு என்று அர்ச்சகர் புளுக, அவரைக் காப்பாற்ற லிங்கத்தில் குடுமி முளைத்தது என்பது தல புராணம். பக்தனுக்காக ஆண்டவனே இல்லாத குடுமியை வைத்துக் கொண்ட ஊரில், ஒரு பெட்டி இன்னொன்றைப் போல நடிப்பதைக் குற்றம் சொல்ல நான் யார் என்று தோன்றியது.

பாறைக்கு முன்னால் போய் நின்றோம். ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி. பல்லவ கிரந்த எழுத்து. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். முதலாம் மகேந்திரவர்மன் வெட்டியது என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அறிஞர்களில் பலர் இப்போது அதை ஒப்புவதில்லை. ருத்ராசாரியர் என்பவரின் சீடனும் சிவபக்தனுமான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது. மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்று ஏழு பகுதிகள். நான்கு நான்கு ஸ்வரங்களாகக் கட்டி, வரிசை வரிசையாகக் கல்லில் கோத்திருக்கிறது. ஸ என்று மட்டும் இல்லை. ஸ, ஸி, ஸு, ஸெ என்று உயிரெழுத்து மாறி மாறி வருகிறது. சில எழுத்துக்களின் தலையில் புள்ளி. பக்கத்திலேயே, 'பரிவாதினி' என்று ஒரு வீணையின் பெயரும் இருக்கிறது.

நான் தெரிந்ததைச் சொல்லச் சொல்லப் பையன் கவனமாகக் கேட்டான். "இதுவும் ஆம்ப்ளிஃபயரைப் படி எடுத்த மாதிரிதானே, அத்தான்? இதை இப்போது யாராவது வாசிக்க முடியுமா?"

அங்கேதான் கஷ்டம். ஸ்வரம் இருக்கிறது. ஸி என்றால் விரல் எங்கே போக வேண்டும், புள்ளிக்கு எவ்வளவு அசைவு என்பதைப் பற்றி ஒவ்வொரு பண்டிதருக்கும் ஓர் அபிப்பிராயம். அந்த அரசனுடைய மாணவர்களுக்கு அதை எழுதிக் காட்ட அவசியம் இருந்திராது. குருவின் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள், கேட்டார்கள், தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்த சங்கதியை யார் மெனக்கெட்டுக் கல்லில் வெட்டுவார்கள்? வீட்டில் அத்தை கேட்ட கேள்வி அங்கே எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது. கல்லோ, காகிதமோ, பெட்டியோ, எதுவுமே ஒரு சல்லடைதான். சலித்து மேலே நிற்பதைத்தான் பிற்காலத்துக்குக் கொடுக்கிறோம். கீழே கொட்டியது உமி என்று சலிக்கிறவனுக்குத் தோன்றுகிறது. அது உமியா அரிசியா என்று சொல்லக்கூடிய மனிதர்கள் கொஞ்ச காலம் கூட இருக்கிறார்கள். பிறகு அவர்களும் போய்விடுகிறார்கள்.

இதை எல்லாம் பையனிடம் நான் சொல்லவில்லை. அவனும் திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் கிதாரை எடுத்துக் கொண்டு சமையலறை வாசலில் போய் உட்கார்ந்தான். பெட்டியை எடுத்துப் போகவில்லை. "அம்மா, அந்த 'ம்ம்' எப்படி இருக்கும், செய்து காட்டு" என்றான். அத்தை, "போடா" என்றாள். அவன் நகரவில்லை. கடைசியில், பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துக் கொண்டே வாயை மூடி முனகினாள்.

பையன் தந்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஆறாவது தந்தி, மூன்றாவது மெட்டு. கிட்டத்தில் வந்தது. அத்தை தலையை ஆட்டினாள். தந்தியை விரலால் சிறிது தள்ளி ஒலியைக் கடுகளவு உயர்த்தினான். "ஆங்" என்றாள். அவளுடைய குரல் ஒரு ஸ்தாயி மேலே, கிதார் கீழே. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று அசையாமல் படிந்தன.

அந்த மெட்டின் ஒலி விநாடிக்கு 98 அதிர்வு என்று பையன் பிறகு என்னிடம் கணக்குச் சொன்னான். கடுகளவு தூக்கினால் 100. அத்தைக்குச் சங்கீதம் தெரியாது.

படுக்கப் போகுமுன் பார்த்தேன்: பையன் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டிருந்தான். "ஆறாம் தந்தி, மூன்றாம் மெட்டு, கொஞ்சம் தூக்கி. அம்மா சொன்னது" என்று எழுதித் தேதி போட்டிருந்தான்.