இருவருக்குமான மூன்று மாதம்

ஆவணி, ஞாயிறு

அத்தை திருக்கருகாவூர் போய், கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் வைத்த நெய்யை வாங்கி வந்திருக்கிறார். "48 நாள், ராத்திரி படுக்கும் முன்னாடி ரெண்டு பேரும் சாப்பிடணும்" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து "விசேஷம் உண்டா?" என்ற கேள்வி என்னிடம் மட்டும்தான் வருகிறது. என் கணவரை யாரும் கேட்பதில்லை. கோயில் பிரசாதமே இருவருக்கும் என்கிறபோது, ஆஸ்பத்திரிக்கு மட்டும் நான் ஏன் தனியாகப் போக வேண்டும்? "என்னங்க, புதன்கிழமை நீங்களும் வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஆவணி, புதன்

கும்பகோணத்தில் டாக்டரம்மா இருவரையும் எதிரில் உட்கார வைத்தே பேசினார். ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பெண்ணுக்கு 35 வயது ஆகிவிட்டால் ஆறு மாதத்திலேயே. பிள்ளைப்பேறு தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறதாம்.

எனக்கு ரத்தம், சர்க்கரை, தைராய்டு, ஸ்கேன். அவருக்கு விந்தணுப் பரிசோதனை ஒன்றுதான். அதற்கு முன் இரண்டிலிருந்து ஏழு நாள் வரை சேராமல் இருக்க வேண்டும். பஸ்ஸில் நாச்சியார்கோவில் வரும்வரை அவர் பேசவில்லை. இறங்கும்போது, "திங்கட்கிழமை கொடுத்துடறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

புரட்டாசி, வெள்ளி

எனக்கு ரத்தம் குறைவு, தைராய்டும் சற்றுக் கூடுதல். இரண்டுக்கும் மாத்திரை உண்டு. கூடவே ஃபோலிக் அமிலம், தினம் 400 மைக்ரோகிராம். கரு உருவான 28 நாளுக்குள் சிசுவின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான குழாய் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனதே பலருக்கு அப்போதுதான் தெரியவரும். அதனால் ஒரு மாதமாவது முன்பே தொடங்கிவிட வேண்டும்.

அவருடைய அறிக்கையில் ஒரு மில்லி லிட்டருக்கு 1 கோடியே 10 லட்சம் அணுக்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டில் கீழ் வரம்பு 1 கோடியே 60 லட்சம். "குறைவுதான், ஆனா பிள்ளையே பிறக்காதுன்னு அர்த்தமில்லை. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வச்சு முடிவு கட்டக் கூடாது" என்றார் டாக்டரம்மா. பிறகு அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டார்.

ஐப்பசி, திங்கள்

குத்துவிளக்குப் பட்டறையில் பித்தளை உருக்கும் உலைப் பக்கம்தான் அவருக்கு வேலை. உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும் என்பதால்தான், விதைப்பை உடம்புக்கு வெளியே அமைந்திருக்கிறது. நாள் முழுக்க உலைச் சூடு, பித்தளையில் ஈயம் கலந்திருந்தால் அதன் புகை, போதாததற்கு பீடி. ஒரு விந்தணு உருவாக 70 நாளுக்கு மேல் ஆகிறது. இன்று மாற்றிக்கொள்வதன் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

பீடியை விட்டுவிட்டார். வண்டல் மண்ணில் அச்சுக் கட்டும் வேலைக்கு மாற்றித் தரும்படி முதலாளியிடம் கேட்டிருக்கிறார். காரணத்தையும் மறைக்காமல் சொன்னாராம். கார்த்திகை தீபத்துக்கு ஆர்டர் குவிந்திருக்கும் நேரத்திலும் முதலாளி சரி என்றிருக்கிறார்.

மார்கழி, வியாழன்

நாள் கணக்குதான் எங்களை அதிகம் வாட்டியது. பதினான்காம் நாள் என்று எல்லாரும் சொல்வது 28 நாள் சுற்று உள்ளவர்களுக்குத்தான் பொருந்தும். அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ 14 நாள் முன்பு முட்டை வெளியாகும். எனக்கு 32 நாள் சுற்று என்பதால் அது பதினெட்டாம் நாளை ஒட்டி வரும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும். ஆகவே முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் வாய்ப்பான காலம். அந்த நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்ந்தாலே போதும் என்றார் டாக்டரம்மா. காலண்டரில் நான் போட்டுவந்த வட்டங்களை என் கணவரே நிறுத்தச் சொன்னார்: "தேதிக்காக வேண்டாம், நமக்காக இருப்போம்."

தை, சனி

இரண்டாவது அறிக்கையில் 1 கோடியே 90 லட்சம். எனக்கும் ரத்தம் ஏறியிருக்கிறது. கரு இன்னும் தங்கவில்லை. சித்திரை வரை பார்த்துவிட்டு, கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்குப் போகலாம் என்று முடிவு.

இன்று வாசலில் ஒரு அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் வாய் திறக்கும் முன் அத்தை சொன்னார்: "ரெண்டு பேரும் வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்காங்க." பிள்ளை வேண்டும் என்று ஏங்கும் ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்கள் இப்படிச் சொல்ல வேண்டும். பழி பெண் தலையில் மட்டும் விழாது. உள்ளதைச் சரிசெய்துகொள்ள ஆணுக்கும் நேரம் கிடைக்கும்.