ஓட்டு எந்த ஊரில்?

1967 பொதுத்தேர்தலில் நம்மாட்களுக்கு இரண்டு சங்கதி நடந்தது. ஒன்று ஊருக்கே தெரியும். சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் போய் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. இன்னொன்று அவ்வளவாக யாருக்கும் தெரியாது. அந்தமான் நிக்கோபார் மக்கள் முதல் தடவையாகத் தங்கள் எம்.பி.யைத் தாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை ஜனாதிபதி நியமிப்பவர்தான் இந்தத் தீவுகளின் எம்.பி. 1967-ல் ஜெயித்தவர் காங்கிரஸின் கே.ஆர். கணேஷ்.

ஒரே தேர்தல். அங்கே ஜனங்கள் ஒரு அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பினார்கள். இங்கே டெல்லிக்கு ஒரு ஆளை அனுப்பினார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்துவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

சொந்த ஊர் விருதுநகர். பி.காம். முடித்து பேங்க் பரீட்சை எழுதி, ஊர் ஊராகச் சுற்றி, இங்கே வந்து சேர்ந்தேன். நடுவில் ஒரு தடவை கொல்கத்தாவுக்கு மாற்றினார்கள். திரும்பக் கேட்டு வாங்கி வந்தேன். மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவள் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். 2011 கணக்குப்படி தீவுகளின் ஜனத்தொகை 3,80,581. அதில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழ் பேசுகிறவர்கள். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்கென்று இலங்கையிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய மலையகத் தமிழர்களும் இதில் உண்டு. சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தம் 1964-ல் போட்டது. அதன் வால் இங்கே வரைக்கும் நீண்டது.

இனி அப்பா கதை.

1967-ல் ஓட்டுப் போட 21 வயது ஆகியிருக்க வேண்டும். அப்பாவுக்கு 22. முதல் ஓட்டு, அதுவும் விருதுநகர் தொகுதியில். நின்றவர் காமராஜர். எதிரே தி.மு.க. வேட்பாளர் பெ. சீனிவாசன், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்த மாணவர் தலைவர். தாத்தா மிளகாய் வத்தல் மண்டியில் கணக்கு எழுதியவர், கதர் தவிர வேறு உடுத்தாதவர். காமராஜர் திறந்த பள்ளிக்கூடத்தில், காமராஜர் போட்ட மதியச் சோற்றைத் தின்று படித்த தன் மகன் வேறு எங்கே குத்தப்போகிறான் என்று கேட்கக்கூட இல்லை அவர்.

அப்பா உதயசூரியனில் குத்தினார்.

காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். "அந்த ஆயிரத்து இருநூத்தி எண்பத்தஞ்சுல என்னுதும் ஒண்ணு" என்று அப்பா சொல்லும்போது பெருமையும் இருக்காது, வருத்தமும் இருக்காது. வேறு ஏதோ ஒன்று இருக்கும். தாத்தா ஒரு மாதம் அப்பாவோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பாட்டிதான் நடுவில் நகர்த்துவாளாம்.

ஏன் குத்தினீர்கள் என்று கேட்டால் அப்பா இரண்டே வார்த்தை சொல்வார். அரிசி, இந்தி. அரிசிப் பஞ்சத்தில் கடை வாசலில் நின்ற வரிசையும் 1965 ஜனவரியில் நடந்த துப்பாக்கிச்சூடும் அவர் வயசுக்காரர்களுக்கு மறக்கவில்லை. "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று தி.மு.க. சொன்னது. ஜெயித்த பிறகு சென்னையிலும் கோவையிலும் ஒரு படி போட்டார்கள். மாநிலம் முழுக்கப் போடப் பணம் இல்லை. அப்பா இதையும் மறைக்காமல் சொல்வார்.

நான் கணக்குப் பார்க்கிறவன். அந்தத் தேர்தல் கணக்கை எடுத்துப் பார்த்தால் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. மொத்தம் 234 இடம். தி.மு.க.வுக்கு 137, காங்கிரஸுக்கு 51. ஆனால் ஓட்டு சதவீதம்? காங்கிரஸ் 41.10, தி.மு.க. 40.69. அதாவது அதிக ஓட்டு வாங்கிய கட்சிதான் ஆட்சியை இழந்தது! காரணம் கூட்டணி. தி.மு.க. 174 இடத்தில்தான் நின்றது. மிச்சத்தை ராஜாஜியின் சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் என்று பிரித்துக் கொடுத்தது. ஒரே இடத்தில் மோதி ஓட்டைச் சிதற விடவில்லை. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லா இடத்திலும் தனியாக நின்றது.

இன்னொன்று. இது ஒரே ராத்திரியில் நடந்ததும் இல்லை. 1949-ல் ஆரம்பித்த கட்சி 1957-ல்தான் முதலில் தேர்தலில் நின்றது. 1962-ல் 50 இடம் பிடித்தது, ஆனால் காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். அடுத்த ஐந்தாம் வருஷம் கோட்டை. 1967-ல் பல மாநிலங்களில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. பெரும்பாலான இடங்களில் பல கட்சிகள் சேர்ந்து ஒட்டுப்போட்ட ஆட்சிதான் வந்தது. ஒரு மாநிலக் கட்சி தனியாகவே பெரும்பான்மை வாங்கியது நம்மிடம் மட்டும்தான்.

எனக்குப் பிடித்த கட்டம் அதற்கப்புறம் வருவது. முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றிருந்தார். மார்ச் 6-ம் தேதி ஆளுநர் உஜ்ஜல் சிங் முன்னால் அண்ணா பதவியேற்றார். இருபது வருஷம் கோட்டையில் இருந்த கட்சி எழுந்து வெளியே போனது. அவ்வளவுதான். கல்வீச்சு கலாட்டா இல்லாமல், அதே அதிகாரிகள், அதே ஃபைல்கள், வேறு மனிதர்கள்.

எங்கள் பேங்க்கில் புது மேனேஜர் சார்ஜ் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பழையவரும் புதியவரும் சேர்ந்து பணத்தை எண்ணி, நகைப் பொட்டலங்களைச் சரிபார்த்து, சாவியைக் கைமாற்றிக் கையெழுத்துப் போடுவார்கள். இரண்டு பேருக்கும் ஆகாது என்றாலும் அந்த ஒரு மணி நேரம் மரியாதை குறையாது. பெட்டகம் இருவருக்கும் சொந்தமில்லை, ஜனங்களுடையது என்பது இருவருக்கும் தெரியும். ஒரு மாநிலமே அப்படிக் கைமாறியதை என் அப்பா 22 வயதில் பார்த்தார். "நாம நெனச்சா மாத்தலாம்" என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை.

காமராஜரும் அதோடு முடிந்துவிடவில்லை. 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து மக்களவைக்குப் போனார். தாத்தா அன்றைக்குத் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாராம்.

இப்போது இந்தக் கரைக்கு வருவோம்.

மகள் நாலாவது படிக்கும்போது, "தமிழ்நாட்டுக்கு முதலமைச்சர் இருக்காங்க, மேற்கு வங்காளத்துக்கு இருக்காங்க. நமக்கு யாருப்பா?" என்று கேட்டாள். நமக்கு இல்லைம்மா, துணைநிலை ஆளுநர் இருக்கிறார் என்றேன். "அவருக்கு யாரு ஓட்டுப் போட்டா?" யாரும் போடவில்லை. டெல்லி நியமிக்கிறது. 1982-க்கு முன்னால் அந்த நாற்காலிக்குப் பெயர் தலைமை ஆணையர்.

புதுச்சேரிக்கு 1963 சட்டத்தின்படி சட்டசபை வந்தது. டெல்லிக்கு 1993-ல் தேர்தல் நடந்தது. அந்தமானுக்குக் கிடையாது. இங்கே உள்ள அரசியல்வாதிகள் பல காலமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பஞ்சாயத்து உண்டு, நகராட்சி உண்டு, 543-ல் ஒரு எம்.பி. உண்டு. அந்த ஒருவரை ஜனங்கள் மாற்றாமலும் இல்லை. 1977 முதல் மனோரஞ்சன் பக்தா வரிசையாக ஜெயித்தார். 1999-ல் பா.ஜ.க.வின் விஷ்ணு பத ராய். 2004-ல் மறுபடி பக்தா. 2009, 2014-ல் மறுபடி ராய். 2019-ல் காங்கிரஸின் குல்தீப் ராய் சர்மா. 2024-ல் திரும்பவும் ராய். இவ்வளவு மாற்றியும் இங்கே கோப்பில் கையெழுத்துப் போடுகிறவரை யாரும் ஓட்டால் மாற்றியதில்லை. தி.மு.க., அ.தி.மு.க. கொடிகள் இங்கேயும் பறக்கும். பறக்கிறது, அவ்வளவுதான், பிடிப்பதற்குக் கோட்டை இல்லை.

பெயர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி சங்கரலிங்கனார் எங்கள் ஊரில் 1956 ஜூலையில் உண்ணாவிரதம் தொடங்கினார். அக்டோபர் 13-ல் உயிரை விட்டார். அவரும் காங்கிரஸ்காரர்தான். 1967 ஜூலை 18-ல் புதிய சட்டசபை தீர்மானம் போட்டது. நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு, 1969 ஜனவரி 14, பொங்கலன்று பெயர் அமலுக்கு வந்தது. அடுத்த இருபதாம் நாள் அண்ணா போய்விட்டார். ஒரு பெயருக்கு ஒரு உயிர், ஒரு தேர்தல், பன்னிரண்டு வருஷம்.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜய புரம் ஆனது. சோழர் பெருமையும் அந்த அறிவிப்பில் இருந்தது. பெயர் நல்ல பெயரா கெட்ட பெயரா என்பதல்ல நான் சொல்ல வருவது. அறிவிப்பு டெல்லியிலிருந்து வந்தது. காலையில் வேலைக்குப் போனவர்கள் சாயங்காலம் வேறு ஊருக்குத் திரும்பி வந்தோம்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலுக்கு சிறப்பு தீவிர திருத்தம் ஆரம்பித்தது. தமிழ்நாட்டுக்கும் அந்தமானுக்கும் ஒரே சமயம். படிவத்தோடு வீடு வீடாக ஆள் வந்தார்கள். மகளுக்கு 18 ஆகிவிட்டது. அவளுக்குப் படிவம் 6 கொடுக்க வேண்டும்.

விருதுநகரிலிருந்து போன். அப்பாவுக்கு இப்போது எண்பது. "தாயி பேர இங்க சேத்துரு. இங்க ஓட்டுப் போட்டாத்தான் ஓட்டு. அங்க போட்டு யார மாத்தப் போறா?"

சட்டம் வேறு மாதிரி. 1950-ம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம் என்கிறது. அதுவும் வழக்கமாகக் குடியிருக்கிற இடத்தில். ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருக்கிறவர், பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் பெயரை வைத்துக்கொள்ளலாம். 2010-ல் திருத்தம் கொண்டுவந்து அந்த உரிமையைக் கொடுத்தார்கள். வந்து நேரில்தான் போட வேண்டும், அது வேறு. ஆனால் இந்தியாவுக்குள்ளேயே கடல் தாண்டி வந்த எங்களுக்கு அது கிடையாது. துபாய்க்காரர் விருதுநகர் வாக்காளர். அந்தமான்காரன் அந்தமான் வாக்காளன்.

வந்த இரண்டாம் வருஷமே என் பெயரை இங்கே மாற்றிவிட்டேன். எனக்குக் குழப்பமில்லை. ஆனால் அப்பா சொன்னதில் சட்டம் பதில் சொல்லாத ஒன்று இருந்தது. அவருக்குக் கிடைத்தது பேத்திக்குக் கிடைக்காது என்ற ஆதங்கம். அதற்கு நான் என்ன சொல்ல?

சாப்பிடும்போது பேச்சு வந்தது. சட்டசபை இங்கே வந்தால்தான் நியாயம் என்றேன். மனைவி சட்டென்று மறுத்தாள். "வரட்டுங்க. வந்தா எல்லா எம்.எல்.ஏ.வும் மொதல்ல காட்டுக்குத்தான் பட்டா கேப்பாங்க. ஜாரவாக்கள் ஓட்டா போடப் போறாங்க?" அதிலும் உண்மை இருக்கிறது. பழங்குடிகளின் நிலத்தைக் காக்க 1956 முதல் தனி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. சில நூறு பேரே உள்ள ஜாரவாக்கள் எந்தத் தேர்தலிலும் யாரையும் ஜெயிக்க வைக்கவோ தோற்கடிக்கவோ முடியாது. பெரும்பான்மை ஆட்சி என்று வரும்போது அவர்கள் பக்கம் யார் நிற்பார்கள்? டெல்லி மட்டும் நிற்குமா என்றேன். அவளிடமும் பதில் இல்லை. சோறு ஆறிப்போனது.

மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "இங்கேயே குடுக்கறேன்பா" என்றாள். ஏன் என்று கேட்டேன். "விருதுநகர்ல கொழாய்ல தண்ணி வருதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இங்க எத்தன நாளைக்கு ஒரு தடவ வருதுன்னு தெரியும். தெரிஞ்ச எடத்துலதான கேக்க முடியும்?"

தாத்தாவுக்கு அவளே போன் போட்டுச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அப்பா சொன்னார்: "எங்கப்பா எம்மேல கோவிச்சுக்கிட்ட மாதிரி நான் கோவிச்சுக்க மாட்டேன், தாயி. ஆனா ஒண்ணு. ஒன்னு ரெண்டு தடவ போட்டுட்டு, ஒண்ணும் மாறலன்னு வீட்ல ஒக்காந்துறாத. நாங்க பதினெட்டு வருசம் காத்திருந்தோம்."

1967-லிருந்து 2021 வரை நடந்த அத்தனை தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலிலும் அப்பா ஓட்டுப் போட்டிருக்கிறார். சில தடவை ஜெயித்த பக்கம், சில தடவை தோற்ற பக்கம். யாருக்கு என்று முதல் ஓட்டைத் தவிர எதையும் சொன்னதில்லை. மகள் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டாள். பிறந்த ஊர் என்ற இடத்தில் போர்ட் பிளேர் என்று எழுதினாள். அவள் பிறந்தபோது ஊருக்கு அதுதான் பெயர்.