மைனஸ் இருபது

ஆன்டிபாடி வந்து சேரும்போது முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். சின்னப் பிளாஸ்டிக் குழாய், உள்ளே எதுவுமே தெரியாது. உற்றுப் பார்த்தால் அடியில் வெள்ளையாய் ஒரு படலம். 100 மைக்ரோகிராம். ஆட்டுக்கு மனித விஇஜிஎஃப் புரதத்தை ஊசி போட்டு, அதன் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து உலர்த்தியது. விஇஜிஎஃப் என்பது புது ரத்தக்குழாய்களை முளைக்கச் சொல்லும் வளர்ச்சிக் காரணி. ஆன்டிபாடி அதைக் கவ்விப் பிடிக்கும். அந்தப் பிடியை வைத்து விஇஜிஎஃப்பின் அளவைக் கணக்கிடும் கருவி செய்வது எங்கள் வேலை.

திறக்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று; மூடியில் ஒட்டியிருப்பது கீழே இறங்கணும். பிறகு கிருமி நீக்கிய உப்புக் கரைசலை விட்டு, குலுக்காமல், தானாகக் கரைய விடணும். கரைந்ததும் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20-இல் வைக்க வேண்டும். ஒரு பங்கை ஒரு தடவைதான் உருக்கலாம். திரும்பத் திரும்ப உறைய வைத்தால் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், பிடி தளரும். ரொம்பச் சின்னப் பங்காகவும் போடக்கூடாது. குழாய்ச் சுவரிலேயே கணிசமாக ஒட்டிக்கொள்ளும். பனி படியாத ஃப்ரீஸர் கூடவே கூடாது. பனியைக் கரைக்க அது அவ்வப்போது தன்னைச் சூடாக்கிக்கொள்ளும்.

பாசிர் ரிஸ்ஸில் பக்கத்து புளோக்கில் இருக்கும் அத்தைக்குச் சர்க்கரை. விழித்திரையில் நீர் கசிந்து இடது கண் மங்கல். அதற்கு பெவசிசுமாப் ஊசி. அதுவும் விஇஜிஎஃப்பைப் பிடிக்கும் ஆன்டிபாடிதான் என்று ஒருநாள் சொன்னேன்.

“அப்ப உன் லேப் பிரிஜ்லயே இருக்குல்ல? கொஞ்சம் எடுத்துட்டு வாயேன்டா.”

கேலி மாதிரி இருந்தது, முழுசாகக் கேலியும் இல்லை. ஒவ்வொரு ஊசிக்கும் காசு கட்டுகிறவர் அவர். கண்ணுக்கு ஒரு தடவைக்கு 1.25 மில்லிகிராம் வேணும், அதாவது எங்கள் குழாயில் பன்னிரண்டரை. ஒரு குழாயே சில நூறு வெள்ளி. “அதுக்குத் தங்கமே தேவலாம்போல,” என்றார்.

விலையை விடுங்கள். இந்த மாதிரிக் குழாய்கள் பலவற்றில் கெட்டுப்போகாமலிருக்க சோடியம் அசைடு கலந்திருக்கும். அது விஷம். ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று லேபிளில் போட்டிருப்பது சும்மா இல்லை. அத்தையின் மருந்தும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட ஆராய்ச்சிப் பொருள்தான். 1989-இல் விஇஜிஎஃப்பைப் பிரித்தெடுத்த நபோலியோனே ஃபெராராவின் குழு, 1993-இல் ஓர் எலி ஆன்டிபாடியால் எலிகளில் புற்றுக்கட்டியின் வளர்ச்சியை அடக்கிக் காட்டியது. அதை மனித உடலுக்கேற்ப மாற்றி, குடல் புற்றுக்கு மருந்தாக அமெரிக்கா அனுமதித்தது 2004-இல்.

மருந்தை உறைய வைக்கவே கூடாது, 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கணும். ஆனால் பங்கு பிரிப்பது அங்கேயும் உண்டு. 100 மில்லிகிராம் குப்பி ஒன்றைப் பல கண்களுக்கான ஊசிகளாகப் பிரிப்பார்கள், அதனால்தான் மலிவு. பிரிக்கும்போது கிருமி புகுந்தால் பார்வையே போகலாம். 2016 ஜனவரியில் குஜராத்தில் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குக் கண் பாதிக்கப்பட்டதும், இதைக் கண்ணுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. கண் மருத்துவர்கள் எதிர்த்தார்கள்; எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது.

அத்தை இதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

“என்னோடதை யாருடா பிரிக்கிறாங்க?”

தெரியாது என்றேன். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டில் கேட்பதற்காக, கேலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.